பத்திரிகையில் பெயருக்கு கிரேட் வைப்ஸ், மற்றதற்கு வேண்டாம்

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளை, பொண்ணு பெயர் மட்டும் சாய்ந்து சுழித்து ஓடுமே, அந்த மாதிரி எழுத்துக்கு நான் முதலில் எடுப்பது கிரேட் வைப்ஸ் என்ற ஆங்கில ஃபான்ட்தான். வரைந்தவர் ராபர்ட் லூஷ்கி. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்பதால் காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் தைரியமாகப் போடலாம். ஃபான்ட்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அழகெல்லாம் கேப்பிடல் எழுத்தில்தான். பெயரின் முதல் எழுத்து பெரிய சுழியோடு கிளம்பும், பின்னால் வருகிற சின்ன எழுத்துகள் கையெடுக்காமல் எழுதின மாதிரி ஒட்டிக்கொண்டே போகும். அதற்காக எல்லாப் பெயரும் ஒரே மாதிரி அமையாது. முத்துலக்ஷ்மி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள், டி, ஹெச், எல், கே, திரும்பவும் ஒரு ஹெச் என்று மேலே எழும்பும் சுழிகள் வரிசையாக வந்து பிரமாதமாக இருக்கும். இசக்கியம்மாள் அடித்தால் இரட்டை கே வரைக்கும் சரி, அப்புறம் ஐ, ஏ, இரண்டு எம் என்று ஒரே மேடும் பள்ளமுமாகப் போய், எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ண வேண்டியிருக்கும். கடைசி எல் வந்துதான் காப்பாற்றும். ஆகவே பெயரை அடித்துப் பார்க்காமல் பார்ட்டியிடம் இந்த ஃபான்ட் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம்ம நெல்லைப் பக்கம் இன்ஷியலும் படிப்பும் இல்லாமல் பத்திரிகை ஏது? பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் முழு கேப்பிடல். அதை இதில் போட்டால் ஒவ்வொரு எழுத்தின் சுழியும் அடுத்ததன் மேல் ஏறி, படிச்ச படிப்பே தெரியாமல் போய்விடும். படிப்புக்குச் சாதாரண நேர் எழுத்து ஒன்றைச் சின்னதாகப் போடுங்கள். மண்டபம், முகூர்த்த நேரம், செல் நம்பர் இதெல்லாம் கண்டிப்பாக இதில் கூடாது, தாத்தா ஆச்சியும் படிக்கணும் இல்லையா.

இன்னொரு குறை, ஒரே கனம்தான், போல்டு கிடையாது. மெல்லிய கோடுகள் ரொம்ப மெல்லியவை. சொரசொரப்பான அட்டையில் கோல்டு ஃபாயில் வைத்தால் அங்கங்கே விட்டுப்போகும், மெரூன் அட்டையில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். 30 பாயின்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், வழவழ அட்டையாக எடுங்கள். பத்திரிகை வடிவமைக்கும் கோரல் ட்ரா சாஃப்ட்வேரில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள், சுழிக்குள்ளே இருக்கிற இடைவெளி அடைந்து மொத்தையாகிவிடும்.

தமிழ் எழுத்து இதில் இல்லை. தமிழ்ப் பக்கத்துக்கு தாரிக் அஸீஸ் வரைந்த கவிவாணர் சாய்வெழுத்தை வைத்தால் ஓரளவு ஜோடி சேரும், ஆனால் இந்தச் சுழியை அதில் எதிர்பார்க்கக் கூடாது. சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்பும்போது மறக்காமல் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். அங்கே இந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வேறு ஏதாவது எழுத்தில் திறந்து அடித்துவிடுவார்கள்.