கடைசி எபிசோடுக்காக ஓராண்டுச் சந்தா கட்டாதீர்கள்

ஒரே ஒரு எபிசோடைப் பார்ப்பதற்காக ஓராண்டுச் சந்தாவை முழுவதுமாகக் கட்ட வைத்து ஏமாற்றிய கோபம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். ஓடிடி தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பேயும் மனிதரும் சேர்ந்து துப்புத் துலக்கும் நகைச்சுவைத் தொடர் என்றால், பார்த்து வந்தவர்களுக்கு எது என்று புரிந்துவிடும். முடிவையும் சொல்லப் போகிறேன்; அதைச் சொல்லாமல் நடந்த அநியாயத்தை விளக்க முடியாது.

பணி ஓய்வுக்கு முந்தைய நாள் கொலையுண்ட காவல் ஆய்வாளர் ஒருவர், தாம் வேலை பார்த்த கட்டடம் நூலகமாக மாறிய பிறகும் அங்கேயே ஆவியாக உலவுகிறார். அவர் குரல் அங்கே பணிபுரியும் இளம்பெண் ஒருத்திக்கு மட்டும் கேட்கிறது. ஆவியால் எந்தப் பொருளையும் தொட முடியாது என்பது முதல் எபிசோடிலேயே சொல்லப்பட்ட விதி. தொடரின் சிரிப்பும் துப்பும் அதிலிருந்தே பிறந்தன. பழைய வழக்குக் கட்டை அவர் படிக்க வேண்டுமானால் அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டும். "சீக்கிரம் திருப்பும்மா" என்று அவர் அவசரப்படுத்துவார். "கொஞ்சம் பொறுங்கள் சார்" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். புத்தகத்தோடு எதிரில் நிற்கும் வாசகர், தம்மைத்தான் சொல்கிறாள் என்று எண்ணி இரண்டடி பின்வாங்குவார். இவ்வளவு நேர்த்தியாக எழுதியவர்கள், ஆய்வாளரைக் கொன்றவர் யார் என்ற மையக் கேள்விக்கும் நேர்மையான விடை வைத்திருப்பார்கள் என்று முழுமனதோடு நம்பினேன். இரண்டு மணி பத்து நிமிடத்தில் நின்றுபோன சுவர்க் கடிகாரத்தை எபிசோடுக்கு எபிசோடு அண்மைக் காட்சியில் காட்டியபோது அந்த நம்பிக்கை இன்னும் உறுதியானது.

மற்ற எபிசோடுகள் எல்லாம் மாதச் சந்தாவிலேயே கிடைத்தன. கடைசி எபிசோடின் மேல் மட்டும் பூட்டுச் சின்னம். ஆண்டுச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்ற அறிவிப்பு. அதற்குக் கீழே, "நிறைவுப் பகுதி: எல்லா முடிச்சுகளும் அவிழும்" என்ற வரி. பணம் கட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவையிடம், கதை இத்துடன் முடிகிறதா என்று எழுதிக் கேட்டேன். "ஆம், இதுவே நிறைவுப் பகுதி" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நம்பித்தான் ஓராண்டுச் சந்தாவைக் கட்டினேன்.

பிறகு நடந்தது இதுதான். அதுவரை ஒரு காகிதத்தைக்கூட அசைக்க முடியாத ஆவி, எந்தக் காரணமும் சொல்லப்படாமல், பூட்டியிருந்த இழுப்பறையைத் தானே இழுத்துத் திறந்து ஒரு நாட்குறிப்பை எடுக்கிறது. கொலைகாரர் தம் கைப்பட எழுதிய வாக்குமூலம் அதில் தயாராக இருக்கிறது. அந்தக் கொலைகாரரோ கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முதன்முதலாகத் திரையில் தோன்றுகிறார். கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தனை வழக்கிலும் துணையாக நின்ற அந்தப் பெண் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாள். இறுதியில் நூலகக் கதவு தானாகத் திறக்க, திரையில் "தொடரும்" என்று வருகிறது.

ரொனால்ட் நாக்ஸ் என்ற எழுத்தாளர் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்பது முதல் விதி. அமானுஷ்ய சக்திகளுக்கு இடமில்லை என்பது இரண்டாவது. துப்பறிபவர் தமக்குக் கிடைத்த தடயங்களை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது எட்டாவது. பேய் துப்பறியும் கதை இரண்டாம் விதியைத் தெரிந்தே மீறுகிறது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், அதை மீறுகிறவர்கள் மற்ற விதிகளை இரண்டு மடங்கு கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும். பேயால் எது முடியும், எது முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு அந்த எல்லைக்குள் நின்றால்தான் பார்ப்பவராலும் கூடவே யோசிக்க முடியும். நினைத்த நேரத்தில் பேய்க்குப் புதுச் சக்தி கொடுக்கலாம் என்றால், நாம் கவனித்து வைத்த தடயங்களுக்கெல்லாம் என்ன மதிப்பு? நகைச்சுவைத் தொடர்தானே என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. தொட முடியாது என்ற விதி போனதும் அந்தத் தொடரின் சிரிப்பும் போய்விட்டது.

கதை பிடிக்கவில்லை என்பதற்காக நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நிறைவுப் பகுதி என்று எழுத்தில் உறுதி சொல்லிவிட்டு, நிறைவடையாத ஒன்றைக் கொடுத்ததற்காகக் கேட்டேன். முதலில், "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது" என்ற பதில் வந்தது. மீண்டும் எழுதினால், உள்ளடக்கத்துக்குத் தயாரிப்பு நிறுவனமே பொறுப்பு என்றார்கள். முடிச்சுகள் அவிழும் என்று உங்கள் தளத்தில் எழுதியது யார் என்று கேட்டதற்கு, நீங்கள் அந்த எபிசோடை முழுவதுமாகப் பார்த்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்றார்கள். முழுவதும் பார்க்காமல் அது முடியவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது. ஓராண்டுச் சந்தா போனது போனதுதான். "தொடரும்" என்று போட்டவர்கள் அடுத்த பருவம் வருமா என்ற கேள்விக்கும் வாய் திறக்கவில்லை.

கட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. கடைசி எபிசோடை மட்டும் தனியாகப் பூட்டி வைத்திருக்கும் தளத்தில் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். வாடிக்கையாளர் சேவை சொல்வதையும் விளம்பர வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முடிச்சுகள் அவிழும் என்ற அந்த அறிவிப்பு வரியை இப்போது தளத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை உடனே நிறுத்துங்கள். பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடை வழியாகப் பணம் கட்டியிருந்தால், செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்காது. அந்தக் கடையின் சந்தாப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும்.