ஒரே கூண்டில் வாழப் பெண் சுண்டெலிகளா, ஆண் சுண்டெலிகளா?

சுண்டெலிகளைக் கூட்டமாக வளர்க்க முடிவு செய்தவுடன் எழும் கேள்வி, பெண்களையா ஆண்களையா என்பதுதான். நான் பெண்களையே தேர்ந்தெடுத்தேன். இரு பாலையும் கலந்து வளர்ப்பதை இங்கே அலசத் தேவையில்லை: 5 அல்லது 6 வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, 19 முதல் 21 நாட்களில் குட்டி ஈன்று, ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே மீண்டும் சினையாகக்கூடிய உயிரினம் இது.

பெண்கள் ஒரே கூட்டில் நெருங்கிப் படுத்து உறங்குகின்றன. ஒன்று காகிதக் கீற்றைக் கவ்வி வர, உள்ளே இருப்பது அதைப் பல்லால் நார்நாராகக் கிழித்துக் கூட்டின் ஓரத்தில் செருகுவதை எங்கள் கூண்டில் அடிக்கடி காணலாம். குட்டிகள் இருந்தால் தாய்கள் ஒருவர் குட்டிக்கு மற்றவர் பாலூட்டுவதும் உண்டு. இவற்றிடமும் குறை இல்லாமல் இல்லை. ஒன்று மற்றொன்றின் மீசை முடியை ஒட்ட மென்று மழித்துவிடுவது உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் காயம் ஏற்படுவதில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது கூண்டைச் சுத்தம் செய்யும் வேலைதான். ஆண் எலி தன் எல்லையைச் சிறுநீரால் குறிக்கிறது. அதிலுள்ள புரதங்கள் அந்த வாசனையை நெடுநேரம் பிடித்து வைக்கின்றன. தலைமை எலி கூண்டெங்கும் துளித்துளியாகத் தெளிக்க, அதற்குப் பணிந்தவை ஓரிரு மூலைகளோடு நிறுத்திக்கொள்கின்றன. நாம் கூண்டைக் கழுவியதும் அந்த வாசனை ஒழுங்கு கலைந்து, அதுவரை அடங்கியிருந்த சண்டை மீண்டும் மூளக்கூடும். பிட்டத்திலும் வாலடியிலும் கடிகாயங்கள் தெரிந்தால் அதுதான் அறிகுறி. கூடு கட்டப் பயன்பட்ட பழைய பொருளில் ஒரு பகுதியைப் புதிய கூண்டுக்கு மாற்றினால் சண்டை குறையும். கூண்டின் தரையில் பரப்பிய, சிறுநீர் ஊறிய தூளைப் புதிய கூண்டுக்குக் கொண்டுபோனாலோ சண்டை அதிகரிக்கலாம். வாரம் ஒருமுறை சுத்தம் செய்தால், ஏறத்தாழ 2 ஆண்டு ஆயுளில் 100 முறை இந்தச் சோதனையைக் கடக்க வேண்டும். பெண்களிடம் இந்தக் கவலை மிகக் குறைவு.

ஆண்களையே விரும்புவோர், ஒரே ஈற்றில் பிறந்தவற்றைப் பால்குடி மறக்கும்போதே பிரிக்காமல் சேர்த்து வளர்க்க வேண்டும். சில நாட்கள் விலக்கி வைத்த ஒன்றைத் திரும்ப உள்ளே விடக் கூடாது. காயடித்த ஆணைப் பெண்களோடு வைப்பது மூன்றாவது வழி. அதை நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் அதற்குக் கருவுறச் செய்யும் திறன் எஞ்சியிருக்கும் என்பதால், கால்நடை மருத்துவர் சொல்லும் காலம் முடியும்வரை தனியே வைப்பது கட்டாயம்.