அப்பா உயில் எழுதினார், நான் வெளியே நின்றேன்

போனது கண் ஆபரேஷனுக்காக. அப்பாவுக்கு 81 வயது, இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, மூன்று வாரம் லீவு போட்டு மெல்பர்னிலிருந்து கிளம்பினேன். ஆபரேஷன் காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுகிற சமாச்சாரமாக முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடியோடு ஈசிசேரில் சாய்ந்திருந்தவர் மூன்றாம் நாள் சொன்னார்: "வந்ததே வந்தே, இந்தப் பத்திர ஆபீஸ் வேலையையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடேன்." என்ன வேலை என்றால், வீட்டைத் தம்பி பேரில் எழுதி வைக்க வேண்டுமாம்.

'எழுதி வைக்கிறது' என்று நம் ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் இருக்கின்றன என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. 34 வருஷம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர் அவர்.

பத்திர ஆபீஸுக்கு எதிரே வரிசையாகத் தகரக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆவண எழுத்தர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாமி படம். (ஊர் பேர் வேண்டாம், காவிரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நாங்கள் போனவர் விஷயத்தைக் கேட்டதுமே, "செட்டில்மெண்ட் போட்டுடலாம்மா, உயில்னா நாளைக்குக் கோர்ட்டு கேஸுன்னு அலையணும், ஐயாவுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி" என்றார். தப்பாகச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன், பாதி சொன்னார். மீதிப் பாதி இதுதான்: தான செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு தம்பியுடையது, அப்பா நாளைக்கு மனசு மாறினாலும் தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை. அவர் காலத்துக்குப் பிறகுதான் அதற்கு உயிரே வரும், அதுவரை வீடு அவருடையது, விற்கலாம், அடமானம் வைக்கலாம், பத்து தடவை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்டுக்குக் குடும்பத்துக்குள் என்றாலும் மதிப்பில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதலாம், பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. எழுத்தருக்கு எதில் கூலி அதிகம் என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று மூலப்பத்திரத்தை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட்டோம். அப்படி வந்தது எங்கள் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, ஆதார் அட்டையை அப்பா மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டார்.

சாயந்திரம் எதிர்வீட்டு அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை, அந்தத் தெருவில் எனக்கு எல்லோரும் அத்தைதான். கணவர் போன மறு வருஷம் தன் பேரில் இருந்த வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தவர். இப்போது அவர் இருப்பது கொல்லைப்புறத்தில் பழைய விறகுக் கொட்டகையாக இருந்த அறை, அதற்கு மட்டும் ஒரு ஃபேன் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மாதம் முன்பு கோட்டாட்சியர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார், மறுநாள் விசாரணை, துணைக்கு ஆள் இல்லை, "நீ வர்றியாம்மா, நீ இங்கிலீஷ்லாம் பேசுவே" என்றார். அங்கே இங்கிலீஷுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

சட்டம் நல்ல சட்டம்தான். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். 60 வயது தாண்டிய, தன் வருமானத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத யாரும் பிள்ளைகள் மேல் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், நம் ஊரில் அந்தத் தீர்ப்பாயம் என்பது கோட்டாட்சியர்தான். பிள்ளை இல்லாதவர்கள் என்றால், அவர்கள் சொத்து யாருக்குப் போகுமோ அந்தச் சொந்தக்காரர் மேல் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, தானே போய் உட்கார்ந்து பேசலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். நோட்டீஸ் போன 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அத்தையின் மனு ஏழாவது மாதத்தில் இருந்தது. இரண்டு தடவை அதிகாரி வேறு ட்யூட்டியில் போய்விட்டார், ஒரு தடவை மகன் வரவில்லை.

வராந்தாவில் இரண்டு மணி நேரம். கல்யாண வீட்டு மஞ்சப்பையில் அத்தை பத்திர நகலையும் மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார், அதிகாரி பேப்பரைக் கேட்டபோது முதலில் வெளியே வந்தது பிரஷர் மாத்திரை அட்டை. மகன், "அம்மாவுக்கு மூணு வேளையும் சோறு போடுறேன் சார், நீங்களே கேளுங்க" என்றான். அத்தை மறுக்கவில்லை. "போடுறான் சார், இல்லேன்னு சொல்லல. தட்டைக் கொல்லைத் திண்ணையில வெச்சுட்டுப் போயிடுறாங்க, அதான்" என்றார். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவு, 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்கிறது. சிக்கல், அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்பதில். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறு வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு நாகப்பட்டினம் வழக்கில், 'அன்பு பாசத்தால் எழுதிக் கொடுக்கிறேன்' என்ற வாசகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்வான் என்ற எதிர்பார்ப்பும் அடக்கம் என்று சொல்லிவிட்டது. அத்தை பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன், 'என் மகன் மீதுள்ள இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை அவரிடம் காட்டியபோது, "அன்பு இருந்துச்சும்மா அப்போ" என்றார். மாதம் 4,000 தர அன்று உத்தரவானது, வீடு விஷயம் அடுத்த விசாரணைக்கு.

திரும்பி வந்து வீட்டில் இதை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலையைத் தூக்காமல், "தம்பி பேருக்கு எழுதிட்டா, உங்கப்பாவுக்கு அப்புறம் நான் எங்க இருக்கணும்?" என்று கேட்டார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். செட்டில்மெண்ட் பேச்சு அதோடு முடிந்தது.

உயில் என்று முடிவானதும் எனக்கு வேறு வம்பு ஆரம்பித்தது. திருப்பூரிலிருந்து தம்பி போன்: "ஏன்க்கா, நீ வர்ற நேரமா பார்த்து அப்பாவுக்கு உயில் ஞாபகம் வருது?" கோபம் வந்தது, ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. பங்கு கிடைக்கப்போகிறவர் கூடவே நின்று, எழுத்தரைப் பிடித்து, வாசகம் சொல்லிக் கொடுத்து எழுதிய உயில் கோர்ட்டுக்குப் போனால், முதலில் சந்தேகிப்பது அதைத்தான் என்று அப்பாவின் நண்பரான ஓய்வுபெற்ற தாசில்தார் சொன்னார். அதனால் அன்றிலிருந்து நான் டிரைவர் மட்டும். அப்பாவும் அவரும் உள்ளே, நான் புளியமரத்தடியில்.

தாசில்தார் மாமா சொன்னவற்றில் உருப்படியானவை சில. சாட்சி குறைந்தது இரண்டு பேர், உயில் எழுதுகிறவர் கையெழுத்து போடுவதை இருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், அப்புறம் அவர் முன்னிலையில் இவர்கள் போட வேண்டும். சொத்து வாங்குகிறவர் சாட்சியாக வேண்டாம். சாட்சிகள் வயதில் சின்னவர்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் பின்னாளில் தகராறு வந்தால் ரெஜிஸ்டர் செய்த உயிலாகவே இருந்தாலும் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அப்பா முதலில் நினைத்திருந்த சாட்சிகள் இருவரும் அவரோடு வாக்கிங் போகிறவர்கள், கூட்டிப் பார்த்தால் 160 வயது. கடைசியில் மெடிக்கல் ஷாப்காரரும் டியூஷன் வாத்தியாரும் வந்தார்கள். டாக்டரிடம் 'நல்ல சுயநினைவுடன் இருக்கிறார்' என்று ஒரு சர்டிபிகேட், சட்டப்படி கட்டாயமில்லை, கைவசம் இருக்கட்டும் என்று. கண் ஆபரேஷன் ஆன ஆளிடம் இருட்டில் கையெழுத்து வாங்கினார்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, டாக்டர் 'இனி படிக்கலாம்' என்று சொல்லும் வரை காத்திருந்தோம்.

வீடு அப்பா சம்பாதித்தது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் மூன்று மா நஞ்சை, ஏறக்குறைய ஒரு ஏக்கர், தாத்தா வழி வந்தது, பட்டா இன்னும் தாத்தா பேரில்தான் ஓடுகிறது, பாகமே பிரிக்கவில்லை. அதில் அப்பா தன் பாகத்தை மட்டும்தான் உயிலில் எழுத முடியும், முழுதையும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். பேங்க் டெபாசிட்டுக்கு 'நாமினி போட்டாச்சே' என்றார் அப்பா. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவுதான், சொத்து வாரிசுகளுக்கோ உயிலில் எழுதியவருக்கோதான் சேரும். எனக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை, நிலம் எழுதினால் செல்லுமா என்றும் கேட்டுக்கொண்டார்கள்: என்னைப் போல வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் பெற்றோர் வழியில் வருவதை வைத்துக்கொள்ளலாம், விற்றால் இந்தியாவில் இருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். கேட்டுக்கொண்டார்களே தவிர, எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது.

பதிவு நாள். 11 மணி டோக்கன், சர்வர் வேலை செய்ய ஆரம்பித்தது 2 மணிக்கு. ஆபீஸ் முதல் மாடியில், 22 படி, எண்ணினேன், லிஃப்ட் கிடையாது. மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை என்று போர்டு மாட்டியிருந்த இடமும் அந்த 22 படிக்கு மேல்தான். நடக்க முடியாதவர் என்றால் தகுந்த காரணம் காட்டி மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதியலாம், பதிவுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. எழுத்தர் அதை எங்களிடம் சொன்னது கீழே இறங்கி வந்த பிறகு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சார்பதிவாளர் சின்ன வயசுப் பெண், முப்பதைத் தாண்டியிருக்காது. அப்பாவை உட்கார வைத்துவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்து, "சாட்சிகளைத் தவிர எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியிலிருந்து பார்த்தேன். அப்பா புதுக் கண்ணால் தாளை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்துப் படித்தார், ஏழு பக்கம், பின்னால் கூட்டம் முனகிக்கொண்டிருக்க, அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை. ஏதோ கேட்டார், அப்பா ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். ரேகை மெஷின்தான் ஒத்துழைக்கவில்லை, 34 வருஷம் நோட்டு எண்ணித் தேய்ந்த விரல், துண்டால் துடைத்துத் துடைத்து ஆறாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

உயில் பதிவாவது பத்திர ஆபீஸில் 3-ம் புத்தகம் என்கிற தனிப் பதிவேட்டில், அது வில்லங்கச் சான்றில் வராது, எழுதியவர் இருக்கும் வரை நகல் அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோதான். இறந்த பிறகுதான் மற்றவர்கள் கேட்டு வாங்கலாம். ஆகவே இந்த மூன்று வாரம் காரோட்டி, ஜெராக்ஸ் எடுத்து, டோக்கன் போட்டு, வெயிலில் நின்ற எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தம்பிக்குப் போன் போட்டு அதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை, அப்புறம் சிரித்துவிட்டான். உறை இப்போது பீரோ லாக்கரில். சாவி அப்பாவின் அரைஞாணில்.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்று, ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் ஒட்டிக்கொண்டே அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என் நகை பதினோரு பவுன், எங்கப்பா குடுத்த மனை இருபது சென்ட், இதுக்கும் அந்த மாதிரி எழுதலாம்ல? அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டுப் போ. அப்பாகிட்ட இப்ப சொல்லாதே."