மூலக்கொத்தளம் மோட்டார் வைண்டிங் கடை: எடைக்குப் போடும் முன் காட்ட வேண்டிய இடம்

சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்.பி. மோனோபிளாக் மோட்டார் (பம்பும் மோட்டாரும் ஒரே உடலாக வருவது) எரிந்துபோனால், காயலான் கடைக்கு அனுப்பாமல், உள்ளிருக்கும் செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் இந்த வடசென்னைக் கடையில் ஒரு தடவை காட்டுங்கள்.

இந்தக் கடையைச் சொல்ல முதல் காரணம், பழைய காயிலைக் கழற்றும் விதம். பல இடங்களில் ஸ்டேட்டரை (காயில் பொருத்திய, சுழலாத இரும்புப் பகுதி) தீயில் பொசுக்கிச் செம்பை உருவிவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்டேட்டரில் அடுக்கிய தகடுகளுக்கு நடுவே உள்ள காப்புப் பூச்சும் கருகிவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் தகடே சூடேறும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், மோட்டார் மறுபடி எரியும். அந்தப் புகை வேலை செய்பவர் நெஞ்சுக்குள்தான் போகிறது. இங்கே ஒரு பக்கத்துக் காயிலை உளியால் வெட்டி, மறுபக்கமாக இழுத்தெடுக்கிறார்கள். வெட்டும் முன் கனெக்‌ஷனும் பிட்ச்சும் (ஒரு காயில் எத்தனை பள்ளம் தாண்டி உட்காருகிறது என்பது), வெட்டிய பின் சுற்றுகளின் எண்ணிக்கையும் கம்பியின் கனமும் நோட்டில் ஏறுகின்றன. ஓடும்போது வேலை செய்யும் ரன்னிங் காயில், கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் காயில் இரண்டுக்கும் தனித்தனியாக.

வார்னிஷ் ஊற்றியதும் ஓவனில் நன்றாகக் காயவைக்கிறார்கள். இதில் அவசரப்பட்டால் கம்பிகள் அதிர்ந்து உரசி, மேலுள்ள எனாமல் பூச்சு உரிந்து ஷார்ட் ஆகும். டெலிவரிக்கு முன் 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) காயிலுக்கும் பாடிக்கும் நடுவே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 1 மெகாஓமை ஒட்டி நின்றால் எடுக்காதீர்கள். புது வைண்டிங் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும்.

பில்லில் கூலி தனி, கம்பி தனி. பழைய செம்பை நம் கண்ணெதிரே எடைபோட்டுக் கழிக்கிறார்கள். 2018-இல் தூத்துக்குடி செம்பு உருக்காலை மூடியபின் செம்புக்கு வெளிநாட்டை நம்பும் நிலை வந்துவிட்டது. உருக்கி இழுத்தால் திரும்பத் திரும்ப உழைக்கும் உலோகம் அது. புது மோட்டாருக்குக் கொடுத்தால் ஊரைத் தாண்டிப் போகும் பணம், இங்கே கைத்தொழிலுக்குக் கூலியாகிறது. காயில் மெஷினில் பழகும் பையன்களுக்கும் அதுதான் சோறு.

குறையும் உண்டு. வார்னிஷ் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை, மாஸ்க் இல்லை. இதை உடனே சரிசெய்ய வேண்டும். மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டரைப் பழசையே மாட்டிவிடுகிறார்கள். அதே மைக்ரோஃபாரடில் புதுசு கேட்டு வாங்குங்கள். தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், பேரிங் இரண்டையும் கேட்காமல் மாற்றுவதில்லை. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் சீலை அரித்து ஷாஃப்ட் வழியாக உள்ளே இறங்குவதால் எரிந்த மோட்டாருக்குக் காயில் மட்டும் கட்டினால் காசு வீண். உள்ளே சுழலும் ரோட்டர் உரசி ஸ்டேட்டர் தகடு தேய்ந்திருந்தால் மட்டும் வைண்டிங் வேண்டாம், எடைக்கே போட்டுவிடுங்கள்.