செருப்பைக் கழற்றச் சொன்ன மிஸ்ஸியும் சொல்லாத மிஸ்ஸியும்

அம்மாயிக்குச் சீனியும் பிரசரும். அட்டன் பக்கத்து கிளினிக் ஒன்றுக்கு மாதாமாதம் கூட்டிப் போய் இரண்டு விதமான மிஸ்ஸிமாரை, அதாவது தாதிமாரை, பார்த்துவிட்டேன். இருவருமே கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை.

ஒருவர் வழக்கமான மூன்று வருடத் தாதியர் டிப்ளோமா முடித்தவர். பிரசர் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்த்து, கொப்பியில் எழுதி டொக்டர் வரிசைக்கு அனுப்பிவிடுவார். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி மூச்சுவாங்க வந்த கிழவிக்கு உடனே பட்டியைச் சுற்றினால் பிரசர் கூடத்தான் காட்டும், ஐந்து நிமிடமாவது உட்காரவைக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் வெளியே அவ்வளவு கூட்டம் நின்றால் என்ன செய்வார் பாவம்.

மற்றவர் அதற்கு மேல் கிளினிக்கல் பயிற்சி எடுத்தவர். முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றச் சொன்னார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க அம்மா, படுதா?" என்றார். பெருவிரலடியில் படவே இல்லை. காலமெல்லாம் கொழுந்து பறித்த கால், அட்டைக்கடியும் வெடிப்பும் சகஜம் என்று இருந்துவிட்டோம், சீனியால் உணர்ச்சி போனது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

2000இல் வெளியான நியூயோர்க் ஆய்வொன்றில் 1,316 நோயாளிகளை டொக்டர்மாருக்கும் மேல் பயிற்சி பெற்ற தாதியருக்கும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் ஒன்று, அந்தத் தாதியருக்கு மருந்து எழுதவும் வேறு இடத்துக்கு அனுப்பவும் டொக்டருக்குள்ள அதே அதிகாரம் இருந்தது. இங்கே தாதி சொந்தமாக மருந்து எழுத முடியாது. நம் மிஸ்ஸி கண்டுபிடித்ததைத் துண்டில் எழுதித் தந்தார், நாங்கள் அதே வரிசையில்தான் போய் நின்றோம். கூட வந்த அம்மாவுக்கு அன்றைக்குத் தோட்டத்தில் பேர் இல்லை, அந்த நாள் சம்பளம் போயிற்று.

டொக்டர்மார் கூடுதலாக வரட்டும், அதுவரை இருப்போம் என்பார்கள். சரி, வரட்டும். அதுவரை கால் பொறுக்குமா?

இன்னொன்று, மேல் பயிற்சி இருந்தும் தமிழ் தெரியாதவர் என்றால் அந்த "படுதா?" என்ற கேள்வியே நடக்காது. காய்ச்சலுக்கோ காயத்துக்கு மருந்து கட்டவோ தமிழ் பேசும் டிப்ளோமா மிஸ்ஸியே எனக்குப் போதும். சீனி, பிரசர் என்றால் மட்டும் மற்றவரின் டியூட்டி நாளை விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறோம்.