ஏற்காட்டுச் செடிகள் சென்னைக்கு: லாரியா, காரா, ரயிலா, வெறும் கிளையா?

சித்திரை வெயிலில் வீடு மாற்றினோம். ஏற்காட்டில் பதினோரு வருடம் இருந்த வீடு. கட்டில், பீரோவெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. முற்றத்தில் இருந்த 41 தொட்டிகளுக்குத்தான் ஒரு வாரம் யோசிக்க வேண்டியிருந்தது.

சென்னை தூரம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். என் அனுபவத்தில் செடியை வாட்டுவது முதல் முப்பது கிலோமீட்டர்தான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கி அடிவாரம் வந்தால் எட்டுப் பத்து டிகிரி கூடிவிடும். குளிர்ந்த ஈரக் காற்றிலேயே வளர்ந்த பெரணிக்கு அது அடுப்படி வாசலில் நிறுத்தியது போல. எதில் ஏற்றினாலும் இந்த இறக்கத்தை விடிவதற்குள் முடிப்பது நல்லது.

சாமான் ஏற்றும் லாரி முதலில். எப்படியும் சென்னைக்குப் போகிற வண்டி, தனிச் செலவு கிடையாது, ஆளுயரத் தொட்டியும் ஏறும். ஆனால் ஏற்ற வந்த தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார்: "செடி வாடுனா நாங்க பொறுப்பு இல்லீங்க்கா." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூடின வண்டிக்குள் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. வெயிலில் நின்றால் உள்ளே கொதிக்கும். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, வண்டி நமக்கு மட்டும்தானா, இல்லை நாலு வீட்டுச் சாமானோடு சேர்த்து அனுப்புவார்களா என்பது. சேர்த்து அனுப்பினால் குடோனில் இரண்டு மூன்று நாள் கிடக்கலாம். பாம்புக் கற்றாழை, சோற்றுக் கற்றாழை, சதைப்பற்றுள்ள சிறு செடிகள் அதையும் தாங்கும். நான் ஆசையில் அனுப்பிய ஃபைகஸ் போய்ச் சேர்ந்த பத்து நாளில் பாதி இலையைக் கொட்டியது. இடம் மாறினாலே இலை உதிர்க்கும் ஜாதி அது. பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றிவிடாமல் விட்டதால் இரண்டு மாதத்தில் துளிர்த்துக்கொண்டது.

மலைச் செடிக்கு என் ஓட்டு காருக்குத்தான். ஆந்தூரியம், பெரணி, பூ விட்டிருந்த பிகோனியா எல்லாம் காரில் வந்தன. பன்னிரண்டு தொட்டிக்கு மேல் இடமில்லை, அதுதான் குறை. இரண்டு நாள் முன்பே தண்ணீர் விட்டுவிட்டு, கிளம்புகிற அன்று விடவில்லை. மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும். சேறாக இருந்தால் கனமும் கூடும், வேரும் அழுகும். தொட்டியின் வாயை ஒரு பழைய பிளாஸ்டிக் பையால் மூடி, தண்டைச் சுற்றிச் சணலால் கட்டினேன். வளைவில் வண்டி சாய்ந்தபோதும் ஒரு பிடி மண் கொட்டவில்லை. தொட்டிகளைத் தக்காளிக் கிரேட்டில் நெருக்கி அடுக்கி, இடுக்கில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தோம். ஏசி காற்று நேராக இலையில் படாதபடி திருப்பிவிட்டோம். உளுந்தூர்பேட்டையில் சாப்பிட இறங்கியபோதுதான் பிரச்சினை. வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட இருபது டிகிரி கூட ஏறும். அதனால் புளியமர நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவைத்து, ஆளுக்கொரு முறையாகப் போய்ச் சாப்பிட்டு வந்தோம்.

இன்னொன்று. சேலத்தில் உறவினர் ஒரு பெட்டி மாம்பழம் கொடுத்தார். ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் லாரியில் போட்டேன். பழுக்கிற மாம்பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும். அடைத்த காரில் அது சேர்ந்தால் மொட்டும் பூவும் உதிரும். ஆர்க்கிட் பூவுக்கு அது ஆகவே ஆகாது.

ரயிலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ராத்திரி சேலத்தில் ஏறினால் விடிகாலை சென்னை, வெயில் என்ற பேச்சே இல்லை. ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் மண் நிரம்பிய பெரிய தொட்டி ஒன்றே எட்டுக் கிலோ வரும், சீட்டுக்கு அடியில் இடமும் குறைவு. கரியிலும் ஓட்டுச் சில்லிலும் வளரும் ஆர்க்கிட் இலேசு என்பதால் அதற்கு இதுதான் சரியான வழி. என் தங்கை ஐந்தை ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்தாள். நர்சரியில் வாங்கியவற்றைத்தான் சொல்கிறேன். சேர்வராயன் காட்டு மரத்தில் இருப்பதைப் பிடுங்கி ஊர் கடத்துவது பாவம், அவற்றை மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கடைசி வழி, செடியை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் எடுப்பது. மணி பிளான்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கணு ஒன்று இருக்கும்படி வெட்டி, ஈரத் துணியில் சுற்றினால் மூன்று நாள் தாங்கும். ஜெரேனியம் அப்படியல்ல. வெட்டுவாய் சில மணி நேரம் உலர்ந்த பிறகுதான் கட்ட வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். உண்மையைச் சொன்னால், ஜெரேனியமும் ஹைட்ராஞ்சியாவும் சென்னைக் கோடையில் கஷ்டப்படும். அவை இரண்டையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் தொட்டியோடு கொடுத்தேன். அழுதுகொண்டேதான் கொடுத்தேன். இப்போது அவர் அனுப்பும் படங்களில் என் வீட்டில் இருந்ததைவிட நன்றாகப் பூத்திருக்கின்றன.

எந்த வழியானாலும், கிளம்ப ஒரு வாரம் முன்பு இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தொட்டியில் மாவுப்பூச்சி இருந்தாலும் நெருக்கி அடுக்கும்போது எல்லாவற்றுக்கும் தொற்றும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க அதுவே நேரம்.

போய்ச் சேர்ந்ததும் தொட்டி மாற்றவோ உரம் போடவோ வேண்டாம், இரண்டு வாரம் நிழலில் விடுங்கள். எங்கள் புது வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பு. மூன்றாவது வாரமே ஆந்தூரியத்தின் இலை ஓரம் பழுப்பானது. அன்றிலிருந்து ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்து அதற்கு மட்டும் ஊற்றுகிறேன்.