விற்பதா, கப்பம் கட்டுவதா, விட்டுவிடுவதா?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இல் புது அணி நுழைந்தால் பழைய அணிகள் ஆளுக்கொரு ஆட்டக்காரரை அதற்குப் பறிகொடுக்க வேண்டும். 2017-ல் வேகஸ், 2021-ல் சியாட்டில் (அப்போது வேகஸுக்கு மட்டும் விலக்கு). யாரைத் தரமாட்டோம் என்று முன்கூட்டியே பட்டியல் கொடுத்துக் காப்பாற்றிக்கொள்ள இரண்டு வழி: 7 ஃபார்வர்ட் (முன்கள ஆட்டக்காரர்), 3 டிஃபென்ஸ் (தடுப்பாட்டக்காரர்), 1 கோலி (கோல் காப்பாளர்), அல்லது எந்த இடத்து ஆட்டக்காரரானாலும் 8 பேரும் 1 கோலியும். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து இரண்டு ஆண்டு தாண்டாதவர்களைப் புது அணி தொட முடியாது. நல்ல டிஃபென்ஸ் ஆட்டக்காரர் நாலு பேர் இருந்தால் தலைவலிதான்: நாலாமவருக்காக மூன்று ஃபார்வர்ட் இடங்களை இழக்க வேண்டும்.

பட்டியலில் அடங்காதவரை முன்கூட்டியே விற்பதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிலுக்கு வருபவர் பட்டியலில் இடம் கேட்கக் கூடாது. தம்பா பே 2017 ஜூன் 15-ல், பட்டியல் கொடுக்க இரண்டே நாள் இருக்கையில், ட்ரூயனை மான்ட்ரியலுக்குக் கொடுத்து 18 வயது செர்கச்சோவை வாங்கியது. இவருக்கு விலக்கு உண்டு. ஓர் இடம் மிச்சம். 2021-ல் கொலராடோவின் மூன்று டிஃபென்ஸ் இடங்களும் மக்கார், ஜிரார், டேவ்ஸ் என்று நிரம்பிவிட, கிரேவ்ஸை நியூ ஜெர்சிக்கு விற்று ஓர் இளம் ஃபார்வர்டையும் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் (புது இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கியது. அதற்காக இழப்பு நின்றுவிடவில்லை. டொன்ஸ்கோய் சியாட்டிலுக்குப் போனார். இழப்பை அடுத்த படிக்கு இறக்கலாம், அவ்வளவே. கெடு நெருங்க நெருங்க வாங்குபவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

கப்பம் என்பது 'இவரை எடுக்காதே, அவரை எடுத்துக்கொள்' என்று புது அணிக்கே கூலி கொடுப்பது. மற்ற இரண்டையும்விட ஆபத்தானது இதுதான். 2017-ல் கொலம்பஸ் வேகஸுக்கு முதல் சுற்றுத் தேர்வு ஒன்றும் இரண்டாம் சுற்று ஒன்றும் கொடுத்து, வில்லியம் கார்ல்சனையும் அனுப்பிவைத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் 6 கோல் அடித்தவர், வேகஸில் முதல் பருவத்திலேயே 43 அடித்தார். ஃபுளோரிடா அதைவிட மோசம். நாலு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களைக் காக்க 30 கோல் அடித்த மார்ஷெசோவைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒப்பந்தத்தைக் கழற்றிவிட ரெய்லி ஸ்மித்தையும் கூடவே தள்ளிவிட்டது. கைக்கு வந்தது ஒரு நாலாம் சுற்றுத் தேர்வு. 2023 இறுதிப் போட்டியில் வேகஸிடம் தோற்றது இதே ஃபுளோரிடா. பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது மார்ஷெசோவுக்கு. பிட்ஸ்பர்க் ஃபிளூரியை எடுக்கச் சொல்லி இரண்டாம் சுற்றுத் தேர்வு கொடுத்ததில் மட்டும் நியாயம் இருந்தது: இடம் ஒரு கோலிக்குத்தான், அது இளையவர் மர்ரேக்கு.

பேசாமல் விட்டுவிடுவது கையாலாகாத்தனமாகத் தெரியும். ஆனால் 2021-ல் கால்கரி, 37 வயது அணித் தலைவர் ஜியோர்டானோவை அப்படித்தான் விட்டது. ஒப்பந்தத்தில் ஓராண்டே பாக்கி இருந்தவருக்காக முதல் சுற்றுத் தேர்வைத் தூக்கிக் கொடுக்காதது சரியான கணக்கு.

இந்தக் கெடு நேரத்தில் வாங்கும் பக்கமும் வழுக்கும். டொரன்டோ 2021 ஜூலை 17-ல் மெக்கானை வாங்கியது. நாலு டிஃபென்ஸ், நாலு ஃபார்வர்ட் என்று பட்டியல் கொடுத்ததில் அவருக்கே இடமில்லை. நாலாம் நாள் சியாட்டில் எடுத்துக்கொண்டது. 2022-23-ல் அவர் அடித்தது 40 கோல்.